மடைப்பள்ளியில் படியும் தராசும்

திருக்கோயில்களில் காலந்தோறும் நடைபெறும் பூசைகளில் நிவேதனம் இன்றியமையாத இடம் பெறுகின்றது. அபிடேகம், அலங்காரம், அர்ச்சனை, தீபாராதனை ஆகியவற்றோடு இறைவனுக்குத் திருவமுது படைத்தலும் ஆகமங்கள் வகுத்த முறையாகும். அத்திருவமுது உருவாகும் இடமே மடைப்பள்ளி.

இல்லத்துச் சமையலுக்கும் மடைப்பள்ளிச் சமையலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இல்லத்தில் சமைப்பவர் கரண்டியால் சிறிது எடுத்து உப்பு, புளிப்பு, இனிப்புப் பார்த்துக் குறையை நிறைவு செய்துகொள்ளலாம். மடைப்பள்ளியில் அதற்கு இடமில்லை. இறைவனுக்குப் படைக்கும் முன் அமுதை எவரும் சுவைத்தல் ஆகாது. மணத்தையும் நுகர்தல் ஆகாது என்பர் பெரியோர். நாவின் துணையின்றிச் சமைக்கும் பரிசாரகருக்கு அளவே நாவாக அமைகின்றது. அளவு சரியாக இருந்தால் சுவையும் சரியாக இருக்கும். அளவு பிழைத்தால் அப்பிழை திருமுன் சென்று, பிரசாதமாகப் பக்தர் கைக்கு வந்த பின்னரே தெரியவரும்.

இக்காரணத்தால் ஒவ்வொரு திருக்கோயிலிலும் எந்த நிவேதனத்திற்கு எந்தப் பொருள் எவ்வளவு என்று வரையறுத்து வைத்தனர். இவ்வரையறை படித்தரம் என்றும் திட்டம் என்றும் வழங்கப்பெறும். பழைய திட்டங்கள் படி, உழக்கு, ஆழாக்கு என்னும் முகத்தல் அளவைகளில் எழுதப்பட்டவை. இக்காலத்தில் பொருள்கள் கிலோ கணக்கில் வாங்கப்பெறுகின்றன. ஆகவே பழைய படியளவை எடையளவாக மாற்றும் தேவை எழுகின்றது. எளிதாகத் தோன்றும் இக்கணக்கில் பிழை நேர்வதற்கான இடங்கள் பல உள்ளன.

கல்வெட்டுகளில் அளவைகள்

எண்ணல், நிறுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கு வகைப்படும். தேங்காயும் வாழைப்பழமும் எண்ணப்படுவன. பொன் நிறுக்கப்படுவது. நெல்லும் அரிசியும் முகக்கப்படுவன. நிலம் நீட்டி அளக்கப்படுவது.

முகத்தல் அளவையின் வாய்பாட்டைச் சென்ற தலைமுறையினர் திண்ணைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தனர். 5 செவிடு கொண்டது ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். பல ஊர்களில் நாழியே படி எனப்பட்டது. சில ஊர்களில் படி வேறு, நாழி வேறு.

சோழர் காலக் கல்வெட்டுகளில் திருவமுது, கறியமுது, பருப்பமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் வேண்டிய அளவு குறிக்கப்பெற்றிருத்தலைக் காணலாம். ஒரு நந்தா விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய். அதற்கென 96 ஆடுகள் என்பது பலராலும் அறியப்பட்ட நிவந்தமாகும்.

1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலில், நெல் அளக்கும் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். கூத்தப்பெருமானின் திருப்பெயரே அது. பொன் நிறுக்கும் கல்லுக்கும் அதே பெயர் வழங்கியது. இறைவன் பெயர் தாங்கிய மரக்காலால் அளப்பவர் அளவில் குறை வைக்க அஞ்சுவார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

மற்றொன்றும் கருதத்தக்கது. அரிசி, பருப்பு, நெய், தயிர் ஆகியவற்றை நாழியாலும் உழக்காலும் குறித்த முன்னோர், சர்க்கரையைப் பலம் என்னும் எடையால் குறித்தனர். கட்டியாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும் பொருள் கலத்தில் சீராக அமராது; இடையிடையே வெற்றிடம் விழும். அதனை நிறுப்பதே முறை. எதனை முகக்க வேண்டும், எதனை நிறுக்க வேண்டும் என்னும் தெளிவு அன்றே இருந்தது.

படி மறைந்து கிலோ வந்தது

விடுதலைக்குப் பின் நாடெங்கும் ஒரே அளவை வேண்டும் என்னும் நோக்கில் 1956ஆம் ஆண்டு எடை, அளவைத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. பலம், சேர், வீசை, மணங்கு ஆகியவை வழக்கொழிந்தன. 40 பலம் கொண்ட வீசை ஏறத்தாழ 1,400 கிராம்; ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். இவை எடைக்கு எடை ஆதலால் மாற்றுவதில் தொல்லை இல்லை.

படியின் நிலை வேறு. படி என்பது இடத்தை அளப்பது. கிலோ என்பது பொருளின் கனத்தை அளப்பது. ஒரு படி எத்தனை கிலோ என்று கேட்டால், எந்தப் பொருளில் ஒரு படி என்று திருப்பிக் கேட்பதே சரியான விடையாகும். ஒரு படி பொரியைக் குழந்தையும் தூக்கும். ஒரு படி தேனைத் தூக்கப் பெரியவர் கை வேண்டும். படி ஒன்றே, எடை வெவ்வேறு.

பொருளுக்குப் பொருள் எடை

1 லிட்டர் கொள்ளும் கலத்தில் பொருளை நிரப்பித் தலைதட்டி அளந்தால் அதன் எடை ஏறத்தாழ வருமாறு அமையும்.

தண்ணீர் – 1,000 கிராம்
பால் – 1,030 கிராம்
தேன் – 1,400 கிராம்
உருக்கிய நெய் – 910 கிராம்
நல்லெண்ணெய் – 920 கிராம்
பச்சரிசி – 800 முதல் 850 கிராம்
பாசிப்பருப்பு – 800 முதல் 850 கிராம்
சீனி – 850 கிராம்
ரவை – 700 கிராம்
கோதுமை மாவு – 500 முதல் 600 கிராம்
தூள் உப்பு – 1,200 கிராம்
மிளகு – 500 முதல் 600 கிராம்
நெல் – 550 முதல் 600 கிராம்
பொரி – 100 கிராமுக்கும் குறைவு

தானியங்களுக்கு எடை ஒரே எண்ணாக அமையாமைக்குக் காரணங்கள் உண்டு. நீண்ட அரிசியும் குறுகிய அரிசியும் கலத்தில் ஒன்றுபோல் அடுக்கமாக அமரா. ஈரப்பதம் மாறினால் எடை மாறும். மாவைச் சலித்தவுடன் அளந்தால் குறைந்த எடையும், அழுத்தி அளந்தால் மிகுந்த எடையும் காட்டும். மிளகு வணிகத்தில் ஒரு லிட்டர் மிளகின் எடையைக் கொண்டே தரம் பிரிப்பர். முற்றிய மிளகு மிகுந்த எடையும், உள்ளீடற்ற மிளகு குறைந்த எடையும் காட்டும்.

கோயிற்படியின் கொள்ளளவை அறிதல்

படி ஊருக்கு ஊர் மாறுபட்டது. பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி எனப் பல வழங்கின. ஆதலால் ஒரு கோயிலின் திட்டத்தில் கண்ட படியை வேறோர் ஊர்ப் படியின் கணக்கால் மாற்றுதல் பொருந்தாது. அக்கோயிலின் உக்கிராணத்தில் இருக்கும் பழைய படியே சான்றாகும். அதன் கொள்ளளவை அறிய எளிய வழி உண்டு.

முதலில் வெறும் படியை நன்கு துடைத்துத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மீண்டும் நிறுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே படி கொண்ட தண்ணீரின் எடை. 1,000 கிராம் தண்ணீர் 1 லிட்டர் ஆதலால், வேறுபாடு 1,600 கிராம் எனின் படியின் கொள்ளளவு 1.6 லிட்டர். ஒரு படிக்கு 8 ஆழாக்கு என்னும் வாய்பாட்டின்படி, ஆழாக்கு 200 மில்லிலிட்டர். உழக்கு 400 மில்லிலிட்டர். உரி 800 மில்லிலிட்டர் என்றாகும்.

அடுத்து, அதே படியில் அக்கோயிலில் பயன்படும் அரிசியை நிரப்பித் தலைதட்டி நிறுக்க வேண்டும். மும்முறை நிறுத்துச் சராசரி கொள்வது நன்று. பருப்பு, ரவை, நெய் என ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வாறே செய்து எடையைக் குறித்து வைத்தால், அதுவே அம்மடைப்பள்ளியின் மாற்றுப் பட்டியலாகும்.

அளக்கும் முறையும் கருதத்தக்கது. களத்தில் நெல் அளக்கும்போது முதற்படியை ஒன்று என்னாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவது மரபு. அங்கே குவித்து அளப்பதும் உண்டு. தலைதட்டி அளப்பதும் உண்டு. குவித்த படி, தலைதட்டிய படியினும் மிகுதியாகக் கொள்ளும். படியைத் தரையில் தட்டித் தட்டி அளந்தாலும் மிகுதியாகக் கொள்ளும். திட்டத்தில் எம்முறை கருதப்பட்டது என்பதை அனுபவம் மிக்க பரிசாரகரிடம் கேட்டறிந்து, அம்முறையிலேயே நிறுத்தல் வேண்டும்.

சர்க்கரைப் பொங்கல்: ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு திட்டத்தில் சர்க்கரைப் பொங்கலுக்குப் பச்சரிசி 1 படி, பாசிப்பருப்பு உழக்கு, வெல்லத்தூள் 1 படி, நெய் உழக்கு என்று இருப்பதாகக் கொள்வோம். படியின் கொள்ளளவு 1.6 லிட்டர். பொருள்களை நிறுத்துப் பார்த்தால் அரிசி 1,310 கிராம், பருப்பு 335 கிராம், வெல்லத்தூள் 1,150 கிராம், நெய் 365 கிராம் எனக் கிடைப்பதாகக் கொள்வோம்.

இவ்வாறு நிறுக்காமல், 1.6 லிட்டர் என்றால் 1.6 கிலோதானே என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் மாற்றினால் அரிசி 1,600 கிராம், பருப்பு 400 கிராம், வெல்லம் 1,600 கிராம், நெய் 400 கிராம் என்றாகும். எல்லாம் ஒரே விகிதத்தில் மிகுந்தால் பொங்கலின் அளவு கூடும், சுவை மாறாது. ஆனால் இங்கே அரிசி 22 விழுக்காடு மிகுகின்றது. வெல்லம் 39 விழுக்காடு மிகுகின்றது. நெய்யோ 10 விழுக்காடே மிகுகின்றது. பொங்கல் தித்திப்பு மிகுந்தும் நெய்ப்பசை குறைந்தும் அமைந்துவிடும். நெய் மணக்க இருந்த பிரசாதம் முன்போல் இல்லையே என்று பக்தர்கள் வருந்துவர். பரிசாரகரின் கைப்பக்குவம் குறைந்துவிட்டது என்றும் கூறுவர். குறை கைப்பக்குவத்தில் இல்லை, கணக்கில் உள்ளது. மேலும், அரிசியில் மட்டும் நாள்தோறும் 290 கிராம் மிகுதியாகச் செலவாகி, ஓராண்டில் 105 கிலோவுக்கு மேல் இருப்பில் குறையும்.

கவனிக்க வேண்டியவை

வெல்லம்: உடைத்த வெல்லமும் தூளாக்கிய வெல்லமும் ஒரே படியில் வேறு வேறு எடை காட்டும். முன்னோர் செய்ததைப் போல இதனை எடையாலேயே திட்டம் செய்தல் நலம்.

உப்பு: பழைய திட்டங்களில் உப்பு என்றால் கல் உப்பே. படிகங்களுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால் ஓர் ஆழாக்குக் கல் உப்பு, ஓர் ஆழாக்குத் தூள் உப்பைவிடக் குறைந்த எடை கொண்டது. கல் உப்புக்கு எழுதிய ஆழாக்களவில் தூள் உப்பை இட்டால் புளியோதரை கரிக்கும். கல் உப்பை நிறுத்து, அதே எடைக்குத் தூள் உப்பை இடுதல் வேண்டும்.

நெய்: உறைந்த நெய்யைக் கரண்டியால் படியில் இட்டால் இடைவெளி விழும். உருக்கி அளத்தல் அல்லது எடையால் நிறுத்தல் வேண்டும். உறைந்தாலும் உருகினாலும் எடை மாறாது.

தண்ணீர்: அரிசிக்கு இத்தனை பங்கு தண்ணீர் என்னும் வழக்கு படியளவைச் சார்ந்தது. 1 படி அரிசிக்கு 3 படி தண்ணீர் என்று இருப்பின், அரிசியை எடையாக மாற்றிய பின்னும் தண்ணீரை 3 படியாகவே கொள்ள வேண்டும். 1 கிலோ அரிசிக்கு 3 லிட்டர் என்று கொண்டால் தண்ணீர் குறைந்து சோறு விறைக்கும். பழைய அரிசி மிகுதியாகவும் புதிய அரிசி குறைவாகவும் தண்ணீர் ஏற்கும் என்பதையும் மறத்தல் ஆகாது.

ஏலக்காய், பச்சைக் கற்பூரம்: இவை சில கிராம் அளவே சேர்வன. மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இவற்றுக்கு உதவாது. சிறு தராசு வேண்டும். பச்சைக் கற்பூரம் மிகுந்தால் கசக்கும், உடலுக்கும் தீங்காகும். உணவுக்குரிய தரமே கொள்ளத்தக்கது.

ஐந்துக்கு இரண்டு

எடையும் கொள்ளளவும் வேறு என்னும் தெளிவு கல்வெட்டுகளைப் பொருள் கொள்வதற்கும் உதவுகின்றது. சோழர் காலத்தில் நெல்லை அரிசியாக்கும் கணக்கு 'ஐஞ்சிரண்டு' எனப்பட்டது. 5 நாழி நெல் குத்தினால் 2 நாழி அரிசி என்பது அதன் பொருள். இதனை 100 கிலோ நெல்லுக்கு 40 கிலோ அரிசி என்று கொள்வோர் உண்டு. இன்றைய ஆலைகளில் அரசுக் கணக்கின்படி 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ பச்சரிசி கிடைக்கும்போது, அன்று இவ்வளவு வீணாயிற்றா என்னும் ஐயம் எழும்.

5க்கு 2 என்பது முகத்தல் கணக்கு. ஒரு லிட்டர் நெல் 580 கிராம் எனில், 5 லிட்டர் 2,900 கிராம். ஒரு லிட்டர் அரிசி 820 கிராம் எனில், 2 லிட்டர் 1,640 கிராம். எடையில் பார்த்தால் 100க்கு ஏறத்தாழ 57 ஆகின்றது. உரலில் குத்தி, புடைத்து, நொய் நீக்கித் திருவமுதுக்கு எடுத்த அரிசிக்கு இது பொருந்தக்கூடிய கணக்கேயாகும். முன்னோர் கணக்கில் பிழை இல்லை. அதனை எடையெனக் கொண்டதே பிழை.

கட்டளையும் அளவும்

அளவு வெறும் சமையற் செய்தி அன்று. திருக்கோயில்களில் உள்ள கட்டளைகள் பல, அன்பர்கள் தம் நிலத்தையும் பொருளையும் எழுதி வைத்து, இன்ன நாளில் இத்தனை படி அரிசி அமுது படைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவை. நாள்தோறும் 2 படி அரிசி என்று ஒருவர் எழுதி வைத்திருக்க, எளிமை கருதிப் படிக்கு 1 கிலோ என மாற்றினால் என்னவாகும்? மேலே கண்ட படியின் கணக்கில் 2,620 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 2,000 கிராமே இருக்கும். நாளுக்கு 620 கிராம். ஆண்டுக்கு 226 கிலோ குறையும். எழுதி வைத்தவர் இன்று கேட்க வரப்போவதில்லை. பிரசாதம் பெற்றுப் பசியாற வேண்டிய எளியோரின் பங்கே குறைகின்றது.

ஆண்டாள் நாச்சியார் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதை நாச்சியார் திருமொழி கூறும். தடா என்பதும் முகக்கும் பெரிய கலமே. சில நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த இராமானுசர், அந்நேர்த்தி நிறைவேறாமல் நிற்பதை எண்ணி, நூறு தடாவையும் படைத்து நிறைவேற்றினார். அதன்பின் திருவில்லிபுத்தூர் சென்றபோது நாச்சியார் அவரை 'அண்ணா' என்று அழைத்தருளினார் என்பது குருபரம்பரை வரலாறு. 'கோயில் அண்ணன்' என்னும் திருப்பெயர் அவருக்கு அமைந்தது இவ்வாறே. ஒருவர் சொன்ன அளவை மற்றொருவர் குறையாமல் நிறைவேற்றுதல் எத்தகைய தொண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே பழைய திட்டத்தை எடைக்கு மாற்றும்போது, மூல அளவை அழித்துவிடாமல், படியளவையும் எடையளவையும் அருகருகே எழுதி வைத்தல் நன்று. கோயிற்படியின் கொள்ளளவு எத்தனை லிட்டர் என்பதையும் அதிலேயே குறித்துவிட வேண்டும். பழைய படியைப் பழம்பொருள் என்று கழித்துவிடாமல் காத்து வைக்க வேண்டும். அது தொலைந்தால், பின்வருவோர்க்குத் திட்டத்தின் பொருளே விளங்காமற் போகும்.

இல்லங்களிலும் பாட்டியார் கைக்குறிப்பில் உள்ள படியையும் ஆழாக்கையும் இம்முறையிலேயே எடையாக்கிக்கொள்ளலாம். வீட்டில் உள்ள அந்தப் பழைய ஆழாக்கில் தண்ணீர் நிரப்பி நிறுத்துப் பார்ப்பதே தொடக்கம்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. ஆற்றில் இடுவதற்கே அளவு வேண்டுமெனின், ஆண்டவனுக்குப் படைப்பதற்கும் அடியார் பசி தீர்ப்பதற்கும் எவ்வளவு கருத்தாக அளத்தல் வேண்டும்! முன்னோர் படியால் அளந்த அன்பை நாம் தராசாலும் குறைவின்றி அளந்து, திருவருள் பெற்று உய்வோமாக.